கிணற்று நீரும் நீர்த்தெள்ளும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளிலே நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் ஒரு செல்வம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஆறுகள் இல்லை; மலைகளும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்கள் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போலத் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. அதனாலேயே அது மேலே நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. மேல்மட்டம் அரையடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர்நீர் 20 அடி மேலேறுவதற்கு இடமுண்டு.

ஆகவே தீவுக் கிணறு மிகவும் மெல்லிய ஒரு சமநிலையிலே வாழ்கின்றது. கடல்நீரை நன்னீராக்கும் பொறிகள் சில இடங்களில் வந்துவிட்ட இக்காலத்திலும், ஒரு நல்ல கிணற்றை இழப்பது ஓர் ஊருக்குப் பெரிய இழப்பே. இத்தகைய கிணற்றினுள்ளே ஒரு மருந்தை இடுவதற்கு முன்னர், அல்லது கிணற்றை அடுத்த தோட்டத்திலே ஒரு பூச்சிகொல்லியைத் தெளிப்பதற்கு முன்னர், அதன் நஞ்சுத்தன்மை எவ்வளவு என்று அறிந்துகொள்வது இன்றியமையாததாகும். அதனை அறிவதற்கு விஞ்ஞானிகள் கையாளும் முதற் கருவிகளுள் ஒன்று, கண்ணுக்கு அரிதாகப் புலப்படும் ஒரு சிற்றுயிர். அதன் பெயர் நீர்த்தெள்ளு.

கிணற்றிலே மருந்து இடவேண்டிய தேவை ஏன் எழுகின்றது? நுளம்பே அதற்கு முதற் காரணம். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியிலே, அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு முதன்முறையாக மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுவது. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது காணப்பட்டது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புகள் உவர்நீரில் வளரமாட்டா என்று முன்னர் எண்ணப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர் சுரேந்திரனும் அவருடைய துணைவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும், பாழ்கிணறுகளிலும், கைவிடப்பட்ட தோணிகளிலும் அந்நுளம்புகளின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். கடலாற் சூழப்பட்ட தீவுகளுக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தியாகும்.

நுளம்புக் குடம்பிகளை அழிப்பதற்குப் பல நாடுகளிலும் கையாளப்படும் மருந்துகளுள் ஒன்று ரெமிபொஸ் என்பது. மணலோடு சேர்த்த குறுணைகளாக அது நீரில் இடப்படும். குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் அதனை இடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இத்தகைய அளவுகள் எங்ஙனம் அறியப்படுகின்றன? எந்தப் பொருளும் அளவைக் கொண்டே மருந்தாகவும் நஞ்சாகவும் அமையும். அந்த அளவை நூலறிவினால் மட்டும் கண்டுவிட முடியாது. உயிருள்ள ஒன்றினிடத்தே கேட்டறிய வேண்டும்.

நீர்த்தெள்ளு தெள்ளுப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்ததன்று. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. துள்ளித் துள்ளி நீந்துவதால் அப்பெயர் பெற்றது. பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் முதல் 5 மில்லிமீற்றர் வரை நீளமுள்ளது. உடல் கண்ணாடிபோலத் தெளிவானதாகையால், உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் இதயம் துடிப்பதையும், உண்ட பாசி குடலில் இறங்குவதையும், முதுகுப்பையிலே குஞ்சுகள் வளர்வதையும் பார்க்கலாம். நீரிலுள்ள நுண்பாசியை வடித்துண்டு நீரைத் தெளிவாக்குவதும், தான் சிறுமீன்களுக்கு இரையாவதும் அதன் தொழில். நல்ல காலத்தில் பெண் தெள்ளு ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். ஒரு தாயின் குஞ்சுகள் யாவும் பரம்பரையியல்பில் ஒரே தன்மையுடையனவாக இருக்கும். சோதனைக்கு இதனைவிட வாய்ப்பான உயிர் கிடைப்பது அரிது.

1930களிலே சுவீடன் நாட்டு ஏரியியல் அறிஞரான நௌமான் இவ்வுயிரைச் சோதனைக்குப் பயன்படுத்தும் வழியை எடுத்துரைத்தார். 1944இல் அமெரிக்கரான அண்டர்சன், தொழிற்சாலைக் கழிவுகளிற் காணப்படும் பல பொருள்களின் நஞ்சளவை இதனைக்கொண்டு கணித்து வெளியிட்டார். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனம் 1984இல் இச்சோதனைக்குப் பொதுவான விதிமுறையை வகுத்து, 2004இல் அதனைத் திருத்தியமைத்தது. இன்று எந்நாட்டு ஆய்வுகூடத்திலே செய்தாலும் பெறுபேறுகளை ஒப்பிடக்கூடியதாக இருப்பதற்கு இவ்விதிமுறையே காரணம்.

சோதனை நடைபெறும் முறை இதுவாகும். பிறந்து 24 மணிநேரம் கழியாத குஞ்சுகள் தெரிந்தெடுக்கப்படும். சோதிக்கவேண்டிய பொருள் குறைந்தது 5 வேறுவேறு செறிவுகளில் நீரிற் கரைக்கப்படும். ஒவ்வொரு செறிவுக்கும் 20 உயிர்கள் வேண்டும். அவற்றை ஐந்தைந்தாகப் பிரித்து 4 கண்ணாடிப் பாத்திரங்களில் விடுவர். ஓர் உயிருக்கு 2 மில்லிலீற்றர் நீராயினும் இருத்தல் வேண்டும். வேறு 20 உயிர்கள் மருந்தில்லாத நீரிலே விடப்படும். மருந்தினால் விளைந்தது எது, வேறு காரணத்தால் விளைந்தது எது என்று பிரித்தறிவதற்கு இந்த ஒப்புக் கூட்டம் உதவும். வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியசுக்குள் ஒரே சீராக இருக்கவேண்டும். சோதனைக் காலத்தில் உணவு கொடுப்பதில்லை.

24 மணிநேரத்திலும் 48 மணிநேரத்திலும் பாத்திரங்கள் பார்க்கப்படும். பாத்திரத்தை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி காத்திருப்பர். அதற்குள் நீந்தாத உயிர் அசைவிழந்தது என்று கணக்கிடப்படும். இத்துணைச் சிறிய உயிர் இறந்துவிட்டதா, மயங்கிக் கிடக்கின்றதா என்று துணிந்து கூறுவது கடினமாகையால், இறப்பை விட்டு அசைவிழப்பையே அளவாகக் கொண்டனர். ஒப்புக் கூட்டத்திலே 100க்கு 10க்கு மேற்பட்டவை அசைவிழந்தால், அச்சோதனை முழுவதும் தள்ளப்படும். உயிர்கள் நல்ல நிலையில் உள்ளனவா என்பதைச் சரிபார்ப்பதற்கு, பொற்றாசியம் இருகுரோமேற்று என்னும் அறிந்த நஞ்சை இடைக்கிடை கொடுத்துப் பார்ப்பதும் வழக்கம்.

கணக்கு எப்படி வருகின்றது என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். லீற்றருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என்று மருந்து இடப்படுகின்றது. 48 மணிநேரம் கழிந்தபின், இருபதில் முறையே 0, 3, 9, 16, 20 உயிர்கள் அசைவிழந்து கிடக்கின்றன. சரிபாதி, அஃதாவது பத்து உயிர்கள் அசைவிழக்கும் செறிவு 4 மில்லிகிராமுக்குச் சற்று மேலே இருக்கவேண்டும் என்பது தெளிவு. அதுவே அம்மருந்தின் நஞ்சளவு. இவ்வெண் சிறிதாகுந்தோறும் நஞ்சு பெரிதாகும். எல்லா உயிரும் மடியும் அளவைக் கொள்ளாமல் பாதியளவைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. எக்கூட்டத்திலும் மிக வலியதும் மிக மெலியதும் ஒன்றிரண்டு இருக்கும். நடுவிலுள்ள அளவே மீண்டும் மீண்டும் செய்தாலும் பெரிதும் மாறாமல் வரும்.

இனி, இந்த எண் கிணற்று நீரைக் குடிப்பவர்களுக்கு எதனைக் கூறுகின்றது? இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். நீர்த்தெள்ளு மடியும் நீர் மனிதருக்கு நஞ்சு என்றோ, அது நீந்தி விளையாடும் நீர் மனிதருக்கு நல்லது என்றோ கொள்ளக்கூடாது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு.

முதலாவது சான்று, மேலே கூறிய ரெமிபொஸ் மருந்தே. நரம்பு தசைக்கு விடுத்த கட்டளையை முடித்துவைக்கும் ஒரு நொதியத்தை அது முடக்குகின்றது. நுளம்புக் குடம்பியும் நீர்த்தெள்ளும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. ஆகையால் ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் கொல்கின்றது. குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவே நீர்த்தெள்ளை மடிவிக்கப் போதும். பாலூட்டிகளுக்கோ அந்த மருந்தின் தீங்கு மிகக் குறைவு. நீர்ச் சிற்றுயிரைக் கொல்வதையே நோக்கமாகக் கொண்டு இம்மருந்தைப் பயன்படுத்தியதும் உண்டு. நரம்புச்சிலந்திப் புழுவின் குஞ்சைச் சுமக்கும் சைக்கிளொப்சு என்னும் சிற்றுயிரை ஒழிப்பதற்கு இந்தியாவின் படிக்கிணறுகளில் அது இடப்பட்டது. அங்கே கடைசி நோயாளர் 1996இல் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நாடு அந்நோயினின்றும் விடுபட்டது எனச் சான்றளிக்கப்பட்டது.

இரண்டாவது சான்று இதற்கு நேர்மாறானது. தோட்டங்களில் இடப்படும் உரத்திலிருந்து நைத்திரேற்று என்னும் உப்பு நிலத்தடி நீரை அடைகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல தோட்டக் கிணறுகளிலே அது அளவுக்கு மிஞ்சியுள்ளது என்பது 1980கள் தொட்டே ஆய்வுகளில் வெளிப்பட்டு வந்துள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது. மேற்பட்டால், புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீர்த்தெள்ளோ அந்த அளவின் பல மடங்கையும் இரண்டு நாட்களுக்குத் தாங்கிக்கொள்ளும். நெருப்புக்காய்ச்சற் கிருமி நீரில் உண்டா இல்லையா என்பதையும் அது அறிவிக்கமாட்டாது. ஆகவே இச்சோதனை குடிநீர்ச் சோதனைக்கு மாற்றாகாது. பல நஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதனை எவ்வளவு அஞ்சவேண்டும் என்று வரிசைப்படுத்துவதே அதன் பயன். 48 மணிநேரத்தில் தோன்றாத கேடு நாள்செல்லத் தோன்றுவதும் உண்டு; அதன் பொருட்டே, குஞ்சு ஈனும் ஆற்றல் குன்றுகின்றதா என்று 21 நாட்கள் பார்க்கும் வேறொரு சோதனையும் வகுக்கப்பட்டுள்ளது.

தீவுகளைப் பொறுத்தமட்டில் இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. விதிமுறையில் முதலிடம் பெற்ற டாப்னியா மாக்னா குளிர்நாட்டு உயிர். வெப்பநாட்டுத் தாழ்நிலங்களிலே டாப்னியா இனங்கள் அரியன. மொயினா, செரியோடாப்னியா போன்ற சிறிய இனங்களே மிகுதி. இலங்கையின் நன்னீருயிர்களை ஆராய்ந்த சி. எச். பெர்னாண்டோ இவ்வேறுபாட்டை விரிவாக எடுத்துக் காட்டியவர். நீரின் இயல்பும் வேறு. சுண்ணாம்புக் கல்லிலே ஊறிய கடினநீரில் செம்பு போன்ற உலோகங்களின் நஞ்சு சற்றுத் தணியும். பூச்சிகொல்லிகளின் நஞ்சு அவ்வாறு தணியும் என்று எதிர்பார்க்க முடியாது. கோடையிலே கிணறு உவர்த்தால் அவ்வுப்பே சிற்றுயிரைக் கொன்றுவிடவும் கூடும். ஆதலின் குளிர்நாட்டிற் கண்ட எண்ணை அப்படியே நெடுந்தீவுக் கிணற்றுக்குப் பொருத்துதல் தகாது. அவ்விடத்து வெப்பத்திலே, அவ்விடத்து நீரிலே, அவ்விடத்துச் சிற்றுயிரைக்கொண்டு செய்த சோதனையும் உடன் வேண்டும். ஒப்புக் கூட்டமும் மருந்திடாத அதே கிணற்று நீரிலேயே இருக்கவேண்டும்.

இத்தனை கவனத்தோடு ஆய்வுகூடத்திற் கண்ட அளவு, கிணற்றங்கரையிலே ஒரு கணத்திற் பாழாகிவிடலாம். 3 மீற்றர் விட்டமுள்ள வட்டக் கிணறு ஒன்றில் மாரியிலே 2 மீற்றர் ஆழத்துக்கு நீர் நிற்கின்றது என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 14,100 லீற்றர் நீர் இருக்கும். லீற்றருக்கு 1 மில்லிகிராம் வீதம் இடுவதற்கு 14 கிராம் ரெமிபொஸ் வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு மருந்துள்ள குறுணையாயின் 1,400 கிராம். அதே கிணற்றிலே கோடையில் அரை மீற்றர் நீரே எஞ்சினால், தேவையான குறுணை 350 கிராம் மட்டுமே. மாரியில் இட்ட அளவையே கோடையிலும் இட்டால், குடிப்பவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவின் நான்கு மடங்கு வந்து சேரும். கயிற்றிலே ஒரு கல்லைக் கட்டி இறக்கி நீரின் ஆழத்தை அளந்தபின் மருந்திடுவதே முறையாகும். மருந்திட்ட வாளியையும் கையையும் குளத்திலோ கேணியிலோ கழுவுதல் கூடாது. மீனுக்கு இரையாகும் சிற்றுயிர்கள் அங்கே வாழ்கின்றன.

சுகாதாரப் பகுதியினர் மருந்திட வரும்போது, இடப்படும் மருந்து யாது, நீரின் ஆழம் அளக்கப்பட்டதா, லீற்றருக்கு எவ்வளவு வீதம் இடப்படுகின்றது என்று மூன்று கேள்விகளை வீட்டார் கேட்டறிந்துகொள்ளலாம். அவற்றுக்கு விடை கூறுவது மருந்திடுவோருக்கும் எளிது. அவ்விடைகளைக் குறித்துவைத்தால் அடுத்த கோடையிலே கிணற்றுக்கு வேண்டிய அளவைக் கணிப்பதும் எளிதாகும்.