பாத அழுத்தச் சிகிச்சை

உள்ளங்காலை அழுத்தி நோய் தீர்ப்பதாகக் கூறும் இச்சிகிச்சைக்குச் செல்வோர் காலணியையும் காலுறையையும் மட்டும் கழற்றினாற் போதும். சாய்ந்திருப்பவரின் பாதம் முழுவதையும் கைப்பெருவிரலால் சிறிது சிறிதாக அழுத்திச் செல்வர். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். சிலவிடங்களில் நோவு தோன்றலாம். தாங்க முடியாவிடின் கூசாமற் சொல்லிவிடுக. பலர் நடுவிலேயே உறங்கிவிடுவதுமுண்டு!

காற்பெருவிரல் தலைக்குரியது என்பதுபோலப் பாதத்தில் உடலுறுப்புகள் யாவற்றுக்கும் இடம் வகுத்திருக்கின்றனர். அமெரிக்க வைத்தியர் வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு 1917இல் வெளியிட்ட கொள்கையை, 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்னும் அம்மையார் பாதத்துக்கென விரித்தார்.

களைப்பு நீங்கலாம், மனம் அமைதியுறலாம். நோயைத் தீர்க்கும், கண்டறியும் என்பதற்கோ தக்க சான்றில்லை. நீரிழிவு நோயாளர் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். அழுத்தம் மிகுந்தாலும் அறியார். அவர்களும், காலில் புண்ணோ இரத்தக்கட்டியோ உடையவரும், கருவுற்ற பெண்களும் முதலில் தம் வைத்தியரைக் கேட்க வேண்டும். வழக்கமாக உண்ணும் மருந்தை இதனை நம்பி நிறுத்தலாகாது.