குளத்து மீன் துள்ளுகிறதா? பேன் பிடித்திருக்கலாம்!

காலையில் தீவனம் போடப் போகும்போது ரோகு மீன்கள் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளி விழுகின்றனவா? கரையோரக் கல்லிலும் குச்சியிலும் உடம்பைத் தேய்க்கின்றனவா? மீன் நல்ல துடிப்பாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வீச்சு வலை போட்டு நாலைந்து மீனைப் பிடித்துப் பாருங்கள்.

துடுப்புகளின் அடியிலும் செவுள் மூடிக்குப் பின்னாலும் எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையாக, கண்ணாடிபோல ஏதாவது நகர்ந்தால், அதுதான் மீன் பேன். ஆர்குலஸ் என்பது இதன் அறிவியல் பெயர். பெயர்தான் பேன், உண்மையில் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. உறிஞ்சிகளால் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி ரத்தத்தையும் உடல் நீரையும் உறிஞ்சும். குத்திய இடம் சிவந்து புண்ணாகும். அந்தப் புண் வழியே பாக்டீரியாவும் பூஞ்சையும் நுழையும். மீன் தீவனம் எடுக்காது, எடை கூடாது. கெண்டை வகைகளில் ரோகுவுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, வயலுக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தைக் குளத்தில் ஊற்றுவது. மறுநாள் பேன் உதிரும், உண்மைதான். ஆனால் முட்டை சாகாது. நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அது பொரித்து, மீண்டும் பேன் வரும். மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவீர்கள். குளத்தில் இறால் விட்டிருந்தால் அது முதலில் சாகும். கட்லாவுக்கு உணவான விலங்கு நுண்ணுயிர் மிதவைகளும் அழியும். விற்கப்போகும் மீனில் மருந்தின் எச்சம் தங்கும் ஆபத்து வேறு. மருந்து போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மீன்வளத் துறை அலுவலரிடம் குளத்தின் பரப்பு, ஆழத்தைச் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவில்லாத வழி, முட்டையைப் பிடிப்பது. பெண் பேன் மீனை விட்டு இறங்கி, தண்ணீரில் மூழ்கிய கட்டை, கல் போன்ற கெட்டியான பரப்பில் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். குளத்தில் கிடக்கும் குச்சிகளை அகற்றிவிட்டு, நாமே மூங்கில் கழிகளையோ பலகைகளையோ ஆங்காங்கே நட வேண்டும். வாரம் ஒருமுறை எடுத்து, முட்டையைச் சுரண்டி, நன்றாக வெயிலில் காயவைத்துத் திரும்ப நடலாம். காய்ந்தால் முட்டை செத்துவிடும். வாரம் தவறினால் பலன் இல்லை. நாம் நட்ட கழியே பேன் பண்ணையாகிவிடும்.

வெளியிலிருந்து வாங்கும் விரலிகளை அப்படியே குளத்தில் கொட்டாதீர்கள். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் கல்லுப்பு கரைத்து, ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து விடுங்கள். முதலில் நாலு குஞ்சுகளில் சோதித்துப் பாருங்கள்; சாய்ந்தால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். பக்கத்துக் குளத்தில் இழுத்த வலையை இரவல் வாங்கினால், அதையும் வெயிலில் உலர்த்திய பிறகே இறக்குங்கள். அறுவடை முடிந்ததும் அடிமண் வெடிக்கும்வரை குளத்தைக் காயப்போட்டுச் சுண்ணாம்பு இடுங்கள்.

பேன் பிடித்த மீனைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பேன் மனிதரைத் தொற்றாது. புண் இல்லாத மீனைக் கழுவிச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் சிவப்புத் தழும்போடு சந்தைக்குப் போகும் மீனுக்கு வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.