கொடித்தோடையும் கருவண்டும்

கேகாலை மாவட்டத்து அரநாயக்க மலைச்சரிவில் மிளகுக்கொடி கிளிரிசிடியா மரத்தில் தானாகவே ஏறிவிடும். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். கடையில் 'பெஷன் ஃபுரூட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கொடித்தோடைக்கு அப்படிப்பட்ட வேர் கிடையாது. இலைக்கக்கத்தில் நூல்போல ஒரு பற்றுக்கம்பி நீளும். அது மெல்லிய கம்பி எதிலாவது பட்டால் சுற்றிக்கொண்டு சுருள்வில்லாகிக் கொடியை இழுத்துப் பிடிக்கும். பருத்த கம்பத்தைச் சுற்ற அதற்கு வலுவில்லை. ஆகவே கன்றுக்குப் பக்கத்தில் ஒரு சணல் கயிறு கட்டாயம் வேண்டும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கொடியில் ஊதா, மஞ்சள் என்று இரண்டு வகை உண்டு. குளிர்ந்த உயரத்துக்கு ஊதா. கேகாலைப் பக்கத்து வெக்கைக்கு மஞ்சள்தான் பொருந்தும். விதையைப் பழத்திலிருந்து எடுத்து, சளியைக் கழுவி, பழையதாகுமுன் போட வேண்டும். முளைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் இலைகள் பிளவில்லாமல் இருக்கும். 'இது வேறு செடி' என்று பிடுங்கிவிடாதீர்கள்; மூன்று விரல் இலை பிறகுதான் வரும்.

இளங்கன்றுக்கு எமன், அடித்தண்டில் தேங்கும் தண்ணீர். 2016 மே 17இல் சாமசர மலை சரிந்ததைப் பார்த்த அரநாயக்க ஊருக்கு, சரிவில் நீர் தேங்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. குழியை மேடாக்கி நட்டு, நீர் வழிந்தோட வழிவிடுங்கள். ஆறடிப் பந்தலைத் தொடும்வரை ஒற்றைத் தண்டு போதும், பக்கத்துளிரைக் கிள்ளிவிடுங்கள். பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் இருபக்கமும் கிளை ஓடும். பூ வருவது புதுத்தளிரில்தான்; வெட்டினால்தான் புதுத்தளிர். தேயிலையில் கவாத்து வெட்டிப் பழகியவருக்கு இந்தக் கணக்கு கைவந்தது.

கொடி வேலி முழுக்கப் படர்ந்தும் காய் இல்லை என்பவரிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை கொடி வைத்திருக்கிறீர்கள்?" மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே கொடியில் வெட்டிய இரண்டு தண்டுகளை நட்டாலும் பலன் இல்லை. வெவ்வேறு விதைக் கன்றுகள் இரண்டு மூன்றாவது வேண்டும்.

அடுத்த கேள்வி, கருவண்டு வருகிறதா என்பது. பூ நண்பகல் வாக்கில் விரியும், அன்றிரவே வாடும். விரிந்த சற்று நேரத்தில், நிமிர்ந்து நின்ற மூன்று சூல்முடிகளும் மெல்ல வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்குவதை நின்று பாருங்கள். தேன் குடிக்க நுழையும் கருவண்டின் முதுகு இரண்டிலும் உரசும். சிறிய தேனீக்கு அந்த உயரம் எட்டாது. மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். காய் பிடித்தால் இரண்டு இரண்டரை மாதத்தில் பழுத்துத் தானே விழும். பறிக்க வேண்டாம், பொறுக்கினால் போதும்.

கருவண்டு பட்டமரத்தைக் குடைந்து குடியிருக்கும். காய்ந்த கிளிரிசிடியா கொம்பு ஒன்றையாவது அடுப்புக்கு எடுக்காமல் வேலியில் விட்டுவையுங்கள். பூ விரிந்திருக்கும் பிற்பகலில் மருந்து அடிக்காதீர்கள்.