ஸ்வீடன் மசாஜும் நம் வீட்டு எண்ணெய்க் கிண்ணமும்

"அம்மா, அந்த பியூட்டி பார்லர்ல 'ஸ்வீடிஷ் மசாஜ்'னு போர்டு போட்டிருக்கே, அது என்னம்மா?"

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள், செக்கப் முடிந்து ஆட்டோவில் அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டும்போது கேட்டாள். எனக்கும் அப்போது தெரியாது. பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன். கூடவே எங்கள் வீட்டில் கிடைத்த ஒரு பாடத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெயருக்குக் காரணம் ஸ்வீடன் தேசத்துக்காரரான பெர் ஹென்ரிக் லிங் (1776–1839). 1813-ல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பயிற்சியாலும் கைப்பிடியாலும் உடம்பைச் சீராக்கலாம் என்று பரப்பினார். பின்னாளில் இந்தப் பிடிகளை வகை பிரித்தவர் ஹாலந்து தேசத்து டாக்டர் மெட்ஸ்கர் என்கிறார்கள். அவை ஐந்து:

1. தடவுதல்: உள்ளங்கையால் நீளமாக, இதயத்தை நோக்கித் தடவுவது.
2. பிசைதல்: சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி தசையைப் பிடித்துப் பிடித்து விடுவது.
3. தேய்த்தல்: விரல் நுனியால் வட்டமாகத் தேய்ப்பது.
4. தட்டுதல்: கையை லேசாகக் குவித்துத் தட்டுவது.
5. அதிர்வித்தல்: கையை வைத்து மெல்ல நடுங்கச் செய்வது.

நான் படித்துக் காட்டியதும் என் மாமியார் சிரித்துவிட்டார். "இதுக்காம்மா ஸ்வீடன் வரைக்கும் போகணும்? நீட்டின கால் மேல குழந்தையைப் போட்டு நாங்க தேய்ச்சதெல்லாம் என்னவாம்?"

அத்தை சொன்னது நியாயம்தான். நம் சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை உண்டு.

உடம்புக்கும் மனசுக்கும்

நிதானமாகத் தடவும்போது இறுகிய தசை தளர்கிறது. இதயத் துடிப்பு சற்று அடங்கி, மூச்சு சீராகிறது. படபடப்பு குறைந்து நல்ல தூக்கம் வருகிறது. இடுப்பு வலி, கழுத்து வலிக்குத் தற்காலிகமாக நிவாரணம் கிடைக்கிறது. ஆனால் கொழுப்பு கரையும், உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறும் என்று விளம்பரம் செய்தால் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு ஆச்சரியமான சேதி. 1986-ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்ற பெண்மணியின் குழுவினர், குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு 15 நிமிஷம், தினம் மூன்று வேளை, பத்து நாட்கள் இதமாகத் தடவிக்கொடுத்தும் கை கால்களை மெல்ல அசைத்துவிட்டும் பார்த்தார்கள். தடவாத குழந்தைகளைவிட இவை தினசரி 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டன. இத்தனைக்கும் குடித்த பாலில் வித்தியாசமில்லை! தொடுவதும் ஒரு போஷாக்குதான்.

தொடக் கூடாத கால்

இனி எங்கள் வீட்டுப் பாடம். பிரசவமாகி ஒன்பதாம் நாள், "அம்மா, இடது கால் ரொம்பக் கடுக்குது" என்றாள் மகள். அத்தை உடனே நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். "பச்சை உடம்பு, வாயுதான். நல்லா அழுத்தித் தேய்ச்சா சரியாப்போகும்."

நான் புடவையை விலக்கிப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. வலது கால் எப்போதும் போலத்தான் இருந்தது. எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. "அத்தை, ஒரு நிமிஷம் இருங்க. டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்து தேய்க்கலாம்" என்றேன். அத்தைக்குக் கோபம்தான். ஆனாலும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. "நல்லவேளை, தேய்க்காம வந்தீங்க. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. கர்ப்ப காலத்திலும், பிரசவித்த ஆறு வாரம் வரையிலும் இப்படி ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகமாம். ஊசியும் மாத்திரையுமாகக் குணமாயிற்று. வீடு திரும்பியதும் அத்தை பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சகோதரிகளே, ஒரே காலில் வீக்கம், சூடு, வலி இருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் செய்யும்போது

• தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ கை பொறுக்கும் சூடு போதும்.

• காலைப் பாதத்திலிருந்து மேல் நோக்கித் தடவுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் இரு பக்கமும் பிசையுங்கள்.

• காய்ச்சல், புண், புடைத்த நரம்பு உள்ள இடம், சாப்பிட்ட உடனே – இவற்றில் வேண்டாம். கர்ப்பிணிகளும் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுச் செய்யவும்.

• குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். கை காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

• முறைப்படி தொக்கணம் வேண்டுவோர் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலோ, தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ சித்த மருத்துவரைக் கேட்கலாம்.

இன்னொன்று. குழந்தைக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் தேய்த்துவிடுகிற நமக்கு யார் தேய்த்துவிடுகிறார்கள்? இப்போதெல்லாம் ராத்திரி வேலை முடிந்ததும் என் மகள் பத்து நிமிஷம் என் தோளைப் பிடித்துவிடுகிறாள். அப்புறம் நான் அத்தையின் முழங்காலுக்கு. ஸ்வீடனோ, அம்பத்தூரோ, கையில் அன்பும் கண்ணில் கவனமும் இருந்தால் போதும். உங்கள் வீட்டிலும் ஆரம்பித்துத்தான் பாருங்களேன்!