மடிப்புப் படகின் ஆயுள்

1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கி, 1939இல் ஆஸ்திரேலியாவின் வடகோடித் தீவுகளை அடைந்த ஆஸ்கர் ஸ்பெக், புதுச்சேரியின் கருவடிக்குப்பத்துக்குக் கிழக்கே விரியும் சோழமண்டலக் கடல் வழியாகவும் துடுப்பு வலித்தார். அவர் ஏறி வந்தது, மரச்சட்டத்தின்மேல் ரப்பர் பூசிய துணித்தோலைப் போர்த்தி, வேண்டாதபோது கழற்றிப் பையில் அடக்கிவிடும் மடிப்புப் படகு. ஆயினும் அந்த ஏழாண்டுப் பயணம் ஒரே படகில் முடியவில்லை, தயாரிப்பு நிறுவனம் இடையிடையே புதியவற்றை அனுப்ப வேண்டியிருந்தது.

இத்தகைய படகு வைத்திருப்போர்க்கு எழும், பழையதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா என்னும் கேள்விக்கு விடை படகின் சட்டத்தில் இருக்கிறது. தோல் என்பது தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பாதலால், கிழிசலுக்கு ஒட்டுப் போடலாம், முற்றிலும் நைந்தால் தோலை மட்டும் மாற்றலாம். மரச்சட்டம் முறிந்தால் தச்சரே அதைச் செப்பனிட்டு வார்னிஷ் பூசிவிடுவார். புதிய படகுகள் சிலவற்றில் உள்ள அலுமினியக் குழாய்களோ எடை குறைந்தவையாயினும், இணைப்புகளில் உப்பு படிந்து அரிப்பேறினால் கழலாமல் இறுகிவிடுகின்றன. இக்கரை மீனவர்க்கு இது புதிய செய்தியன்று: கட்டுமரத்தின் கட்டைகளை அவிழ்த்து உலர்த்தி, கெட்ட ஒன்றை மட்டும் மாற்றிக் கட்டும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது, ஃபைபர் படகுகள் பெருகிய பிறகே அது அருகியது.

சட்டம் உறுதியாயிருக்கையில் புதுப்படகு வாங்குவது பெரும்பாலும் வீண்செலவே. உதிரிப்பாகம் கிடைக்காத மாதிரியாயின் மட்டும் கணக்கு மாறும். எதுவாயினும், கடலோடிய படகை நன்னீரில் கழுவி முழுதும் உலர்த்தாமல் மடித்தால், ஈரக்காற்று மிகுந்த புதுச்சேரியில் பூஞ்சை அதன் பருத்தித் துணியை விரைவில் அரித்துவிடும்.