ஹெரால்ட் காரின் பானெட் ஏன் சரியாக உட்கார மறுக்கிறது?

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டு ஷெட். தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பல வருஷம் கழித்து தார்ப்பாயை விட்டு வெளியே வந்திருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது, தகர வேலை முடிந்தாச்சு. பானெட்டை மாட்டினால் வேலை தீர்ந்தது என்று பேரன் நினைக்கிறார். மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் விரல் நுழைகிறது, வலது பக்கம் கதவோடு உரசுகிறது. "ஓரத்துல கொஞ்சம் கிரைண்டர் போட்டுரலாமா?" என்கிறார். டிங்கர் மேஸ்திரி தலையாட்டுகிறார்: "வேண்டாம் தம்பி. வெட்டிட்டா பொறவு ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டியளா. மொதல்ல கதவப் பாப்போம்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பழைய ஹெரால்டைப் புதுப்பிக்க இறங்கும் யாருக்கும் இந்த நிமிஷம் வந்தே தீரும். மேஸ்திரி ஏன் பானெட்டை விட்டுவிட்டுக் கதவைப் பார்க்கச் சொல்கிறார்?

ஹெரால்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு?

பிரிட்டனின் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கார் ட்ரையம்ஃப் ஹெரால்ட். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் இதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. 948 சிசி இன்ஜின். அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய அதே சாலைகளில் இதுவும் ஓடியது. 1960-களின் இறுதியில் இந்தியாவுக்கென்றே 4 கதவு மாடலும் வந்தது.

இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. பானெட் அமைப்பும் அதே பாணிதான். அதனால் ஹெரால்டில் கற்றுக்கொள்ளும் வேலை, ஸ்பிட்ஃபயரிலும் அப்படியே உதவும்.

இந்த பானெட்டில் என்ன விசேஷம்?

சாதாரண கார்களில் பானெட் என்பது ஒரு மூடி. இரண்டு பக்கமும் உள்ள மட்கார்டு தனியாக நிலையாக இருக்கும். ஹெரால்டில் மூக்கு, மட்கார்டுகள், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த ஒரே பெரிய கூடுதான் பானெட். கீல் முன்னால், பம்பருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விடுவித்துத் தூக்கினால், காரின் முன்பாதி மொத்தமும் முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இவ்வளவு பெரிய கூடு முன்னால் இரண்டு கீல், பின்னால் ரப்பர் தாங்கிகள், பக்கத்துக்கொரு கொக்கி ஆகியவற்றை மட்டும் நம்பி நிற்கிறது. முன்னால் கீல் 1 மி.மீ. தள்ளிப் போனாலும் பின்னால் கதவோரத்தில் அது கண்ணில் படும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டி நிறுவனமான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. ஒரே இடத்தில் முழு பாடியும் செய்துதர ஆள் இல்லை. அதனால் தனி சேசிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். வெளிநாடுகளில் அசெம்பிள் செய்ய இது சுலபம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் நகரக்கூடிய இடம். அந்த நகர்வெல்லாம் கடைசியில் வந்து சேர்வது பானெட்டில்தான்.

அப்படியானால் கோளாறு பானெட்டிலா?

பெரும்பாலும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கூடவே கடலோர உப்புக்காற்று. உப்பு, ஈரப்பதத்தைப் பிடித்துவைத்துத் துருவை வேகப்படுத்தும். ஹெரால்டில் துரு முதலில் தின்பது, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளையும் கதவுக்குக் கீழுள்ள பகுதியையும். அவை தளர்ந்தால் பாடி இறங்கும், கதவு தொங்கும். அந்தக் கதவுக்கு ஏற்ப பானெட்டை வளைத்தால், கோணலுக்கு மேல் கோணல் ஏறும்.

பழைய விபத்தில் சேசிஸ் வளைந்திருந்தாலும் இதே கதைதான். பானெட்டும் கதவும் சேரும் அந்தக் கோடு வெறும் அழகு விஷயமில்லை. அடியில் இருக்கும் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு முதல் துப்பு அது.

எந்த வரிசையில் சரிசெய்வது?

• கார் சமதரையில், நாலு டயரிலும் சரியான காற்றோடு நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துப் பார்க்கக் கூடாது. ஹெரால்ட் சேசிஸ் வளைந்து கொடுக்கும் ரகம்.

• சேசிஸில் எதிரெதிர் மூலைகளை டேப்பால் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த வேலை.

• பிறகு பாடி. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் தேவையான இடத்தில் பேக்கிங் வைத்து, கதவின் இடைவெளியை மேலிருந்து கீழ்வரை சீராக்க வேண்டும்.

• கடைசியில்தான் பானெட். ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு மூன்று பேர் பிடித்து வைக்க வேண்டும். கீல் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கினால் போதும்.

• முதலில் முன் பின் நகர்வு, அடுத்து பக்கவாட்டு, பிறகு மூக்கின் உயரம், அதன்பின் பின்பக்க ரப்பர் தாங்கியின் உயரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

• கொக்கி கடைசி. சரியாக உட்கார்ந்த பானெட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. உட்காராத பானெட்டைக் கொக்கியால் இழுத்துப் பூட்டினால், தகரம் எப்போதும் இழுவிசையில் இருக்கும். நாளடைவில் விரிசல் விடும்.

எதைப் பார்த்து எதை நகர்த்துவது?

இடது பக்கம் கேப் அதிகம், வலது பக்கம் குறைவு என்றால் இடது கீல் முன்னால் தள்ளியிருக்கிறது. அதைப் பின்னால் கொண்டுவர வேண்டும், அல்லது வலதை முன்னால் நகர்த்த வேண்டும்.

கதவோரக் கோடு மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் மூக்கு உயரமாக நிற்கிறது, அல்லது பின்பக்க ரப்பர் அமுங்கிப் போயிருக்கிறது. கீழே குறுகி, மேலே அகன்றால் நிலைமை நேர் எதிர். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்க வேண்டும்.

கண்ணளவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கனமுள்ள பிளைவுட் துண்டை கேப் முழுக்க ஓட்டிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது, எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும். இந்த வயதுக் காரில் 4 முதல் 5 மி.மீ. வரை சீராகக் கிடைத்தால் நல்ல வேலை. இன்றைய கார்களைப் போல மயிரிழை கேப் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆலையிலிருந்து வந்தபோதே இவை அப்படி இருந்ததில்லை.

பெயின்ட் எப்போது அடிப்பது?

எல்லாம் பொருந்திய பிறகுதான். பலர் சறுக்குவது இங்கேதான். பெயின்ட் அடித்துவிட்டு பானெட்டை மாட்டினால், ஒவ்வொரு சோதனையும் ஒரு கீறல். புது ரப்பர்களையும் சோதனையின்போதே மாட்டிவிட வேண்டும். பழைய ரப்பரை வைத்து அளந்துவிட்டு, பிறகு புதியதைப் போட்டால் பானெட் மேலெழும்பும். ப்ரைமர், பெயின்ட் ஏறும் கனத்துக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். கழற்றும் முன் கீல் நின்ற இடத்தைக் கோடு போட்டு, போனில் படமும் எடுத்து வைத்தால் மறுபடி மாட்டுவது அரை நாள் வேலை.

வெட்டினால் என்ன நஷ்டம்?

ஹெரால்டைச் செய்த ஆலை இன்று இல்லை. வெட்டிய தகரத்துக்கு மாற்று, கடையில் போய்க் கேட்டால் வராது. பட்டி போட்டு கேப்பை நிரப்பலாம்தான். ஆனால் ஓரத்தில் தடிமனாக ஏறிய பட்டி, பானெட்டை நாலு தடவை திறந்து மூடினால் உதிரும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்த சொந்தப் பயன்பாட்டு வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவுசெய்ய வழிசெய்கிறது. பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அவசரத்தில் வெட்டி ஒட்டும் வேலை, இந்தத் தகுதியையே கேள்விக்குள்ளாக்கலாம்.

எல்லாம் முடிந்து கன்னியாகுமரி வரை ஒரு ரவுண்டு போய்வந்தால் வேலை முடிந்ததா? இல்லை. புது ரப்பர் அமுங்கியிருக்கும், போல்ட் இளகியிருக்கும். வீடு திரும்பியதும் பிளைவுட் துண்டை எடுத்து, கதவோரத்தில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.