சொல்லிட்டு அடிச்சா சரியா?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

இந்த வாரப் பேச்சு தேவதானத்துல ஆரம்பிக்குது. ராஜபாளையத்துல இருந்து தென்காசி ரோட்டுல போனா, சேத்தூர் தாண்டி வர்ற ஊர். மலையடிவாரத்துல வயலுக்கு நடுவுல ஒரு சிவன் கோயில். சாமி பேரு நச்சாடை தவிர்த்தவர். நச்சு ஆடை, அதாவது விஷம் தடவின துணி.

தலபுராணக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க. நான் கேட்டது இது: போர்ல பாண்டியனை ஜெயிக்க முடியாத சோழன், சமாதானம் மாதிரி ஒரு பட்டாடையை அனுப்பறான். துணி முழுக்க விஷம். சாமி பாண்டியனை எச்சரிச்சுடறார். பாண்டியன் அந்த ஆடையைக் கொண்டு வந்தவன் மேலேயே போர்த்தறான். வந்தவன் எரிஞ்சு போறான்.

சின்ன வயசுல கேட்டப்போ ராஜா தப்பிச்சாரேன்னு சந்தோஷமா இருந்துச்சு. இப்போ கேட்டா, துணியைத் தூக்கிட்டு வந்த ஆள்தான் மனசுல நிக்கிறான். அதுல விஷம் இருக்கறது அவனுக்குத் தெரியுமா? கதை அதைச் சொல்றதில்ல. ரெண்டு ராஜாக்களுக்கு நடுவுல செத்தவன் அவன் ஒருத்தன்தான்.

போர்ல யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது? இந்தக் கேள்வி வந்தாலே நம்ம ஆளுங்க உடனே எடுத்துக் காட்டறது புறநானூறு ஒன்பதாம் பாட்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிங்கிற பாண்டியனை நெட்டிமையார் பாடினது. பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவங்க எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போயிடுங்க, நாங்க அம்பு விடப் போறோம்னு முன்னாடியே அறிவிக்கிற அறம் அதுல இருக்கு. ‘ஜெனீவாவுக்கு முன்னாடியே தமிழன்’னு ஃபார்வேர்டு வருமே, அது இதை வெச்சுத்தான்.

அந்தப் பட்டியல்ல யார் இல்லைன்னும் பாருங்க. பிள்ளை இருக்கற சாதாரண விவசாயி இல்ல. பானை செய்யறவர் இல்ல. இன்னொரு விஷயமும் இருக்கு. அதே புலவர் அதே ராஜாவைப் பாடின பதினஞ்சாம் பாட்டுல, எதிரியோட கோட்டை ஊரைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினதும், விளைநிலத்துல தேர் ஓட்டினதும் பெருமையா வருது. ரெண்டு பாட்டையும் சேர்த்துப் படிச்சா எனக்குத் தோணறது இதுதான்: எச்சரிக்கை கொடுத்தது உண்மையா இருக்கலாம். ஆனா அதுக்கு அப்புறம் அந்த ஊர் என்ன ஆச்சு?

விமானம் வந்த பிறகு இந்தக் கேள்வி பெருசாயிடுச்சு. அதுக்கு முன்னாடியே, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் மெட்ராஸைச் சுட்டது. கேப்டன் ஃபான் முல்லர் குறி வெச்சது துறைமுகத்துக்குப் பக்கத்துல இருந்த பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளை. செத்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். ஆனாலும் பயத்துல ஆயிரக்கணக்கான பேர் ஊரை விட்டுப் போனாங்க. ‘அவன் பெரிய எம்டன்’னு நாம பேசறது அந்தப் பயத்தோட மிச்சம்.

1941 டிசம்பர் 23-ல ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல குண்டு போட்டப்போ நிலைமை வேற. அந்த ஊர்ல பாதிப் பேர் இந்தியாவுல இருந்து போனவங்க, அதுல தமிழர்களும் நிறைய. உயிர் பிழைச்சவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்க மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்தாங்க. 1942 ஏப்ரல்ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்ததும் மெட்ராஸைக் காலி பண்ணச் சொன்னாங்க. மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியை எல்லாம் சுட்டுக் கொன்னாங்க, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா தெருவுக்கு வந்துடுமேன்னு. தெற்கே சொந்த ஊர் இருந்தவங்க ரயில் ஏறினாங்க. ரயிலுக்குக் காசோ, போறதுக்கு ஒரு ஊரோ இல்லாதவங்க? எச்சரிக்கை எல்லார் காதுலயும் ஒரே மாதிரிதான் விழும். ஆனா எல்லாராலயும் கிளம்பிட முடியாது.

நவாலியில நடந்தது இதைவிட மோசம். 1995 ஜூலை 9. இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்துல ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையை ஆரம்பிச்ச நாள். மக்களைக் கோயில், தேவாலயம்னு வழிபாட்டு இடங்களுக்குப் போய் இருக்கச் சொல்லியிருந்தாங்க. அவங்களும் போனாங்க. நவாலி புனித பேதுரு தேவாலயத்துலயும் அதைச் சுத்தியும் தங்கினாங்க. அங்கேயே விமானக் குண்டு விழுந்தது. நூறு பேருக்கு மேல இறந்தாங்க. எச்சரிக்கையைக் கேட்டு, சொன்ன இடத்துக்குப் போனவங்க இவங்க.

2009-ல வன்னியிலயும் இதே மாதிரி, பெரிய அளவுல. ஜனவரி 21-ல அரசே ஒரு பகுதியைப் போர் தவிர்ப்பு வலயம்னு அறிவிச்சது. பிப்ரவரி 12-ல இன்னொண்ணு, மே 8-ல அதையும் சுருக்கி இன்னொண்ணு. சனங்க ஒவ்வொண்ணா நகர்ந்து கடைசியில முள்ளிவாய்க்கால் கடற்கரைக்கு வந்து சேர்ந்தாங்க. வலயத்துக்குள்ளயே ஷெல் அடிச்சாங்க, ஆஸ்பத்திரிகளும் தப்பலைங்கிற குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவைன்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல எழுதுச்சு. அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேற விடாம தடுத்தாங்க, தப்பி ஓடினவங்களைச் சுட்டாங்கன்னும் சொல்லுது. ரெண்டையும் சொல்லித்தான் ஆகணும், கமெண்ட்ல திட்டறவங்க திட்டட்டும்.

‘அவங்கதானே மக்களைக் கேடயமா வெச்சாங்க, நாங்க என்ன பண்றது?’ இது எல்லா நாட்டு ராணுவமும் சொல்ற பதில். ஜெனீவா ஒப்பந்தங்களோட 1977 கூடுதல் நெறிமுறை இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கு: எதிரி விதியை மீறினா, பொதுமக்கள் விஷயத்துல உங்க பொறுப்பு தீர்ந்துடாது. தாக்குறதுக்கு முன்னாடி எச்சரிக்கை கொடுக்கணும்னும் அதுல இருக்கு. ஆனா எச்சரிக்கை கொடுத்துட்டா, போகாம இருக்கறவங்க எல்லாம் சிப்பாய் ஆயிடுவாங்கன்னு எங்கேயும் இல்ல. படுத்த படுக்கையா இருக்கற பாட்டியை விட்டுட்டுப் போக மாட்டேன்னு ஒருத்தர் இருந்தா, அவர் அப்பவும் பொதுமக்கள்தான். அந்த நெறிமுறை நாடுகளுக்கு இடையில நடக்கற போருக்கானது. இலங்கை அதுல சேரவும் இல்ல. ஆனா பொதுமக்களைக் குறி வெக்கக் கூடாதுங்கறது உள்நாட்டுப் போருக்கும் பொருந்தற வழக்காறு. கையெழுத்துப் போடலைன்னு அதுல இருந்து தப்பிக்க முடியாது.

சொல்ல மறந்துட்டேன், இந்தியாவும் அதுல சேரலை.

இலங்கையைப் பேசறப்போ நமக்குக் கோபம் வர்றது நியாயம்தான். ஆனா அயிஸ்வால்னு சொன்னா எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னிக்கு மிசோரமோட தலைநகர். 1966 மார்ச் தொடக்கத்துல லால்டெங்கா தலைமையில மிசோ தேசிய முன்னணி தனிநாடு அறிவிச்சது, அசாம் ரைபிள்ஸ் முகாமைச் சூழ்ந்தது. மார்ச் 5-ல இந்திய விமானப்படையோட போர் விமானங்கள் அந்த ஊர் மேல சுட்டன, அடுத்த நாள் தீக்குண்டு. வீடுகளும் கடைகளும் எரிஞ்சன. நம்ம விமானப்படை, நம்ம ஊர், நம்ம மக்கள். சனங்க ஏற்கெனவே மலைக்கு ஓடியிருந்ததால, அந்த ஊர்ல செத்தவங்க பதிமூணு பேர்னு பொதுவா சொல்றாங்க. ஆளுங்களையும் சாமானையும் இறக்கத்தான் விமானம் போச்சுன்னு அரசுத் தரப்பு அப்போ சொன்னது.

பதிமூணுதானேன்னு என்கிட்ட ஒரு நண்பர் கேட்டார். நல்லா யோசிக்கிற ஆள்தான். முகாமுக்குள்ள மாட்டிக்கிட்ட சிப்பாய்களைக் காப்பாத்த வேற வழி இருந்துச்சான்னும் கேட்டார். அது நேர்மையான கேள்வி. முகாமைச் சுத்தி நின்னவங்களை அடிச்சிருந்தா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். எரிஞ்சது கடைத்தெருவும் வீடும். ஓடினதாலதான் எண்ணிக்கை குறைஞ்சுது, குண்டு போட்டவங்க பார்த்துப் போட்டதால இல்ல.

சமாதான ஒப்பந்தம் 1986 ஜூன் 30-ல வந்துச்சு. மிசோரம்ல மார்ச் 5-ஐ இன்னும் நினைவு நாளா வெச்சிருக்காங்க. நம்ம பள்ளிப் பாடத்துல அந்தத் தேதியை நான் பார்த்ததில்ல. நீங்க பார்த்திருந்தா, எந்த வகுப்பு, எந்தப் புத்தகம்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடறேன்.